அறுக்காமல் வைத்த சென்சர்

"அறுக்காம வைக்க முடியாது சேர்" என்றான் ஜெயதீபன். கஜேந்திரன் காரின் பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"வேற வழியே இல்லையா தம்பி?"

"இந்த மேல் குழாயை நடுவுல அறுத்து, சென்சரை வச்சு, ரெண்டு பக்கமும் இறுக்கணும். இன்ஜின்ல கொதிக்கிற தண்ணி இது வழியாத்தான் ரேடியேட்டருக்கு வருது. இங்க வச்சாத்தான் சரியான சூடு தெரியும்."

நல்லா இருக்கிற குழாயில் கத்தி வைக்கக் கஜேந்திரனுக்கு மனம் வரவில்லை. அதோடு, லிந்துலையில் பதினோரு வருசமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற தனக்கு, கொட்டகலை மெக்கானிக் ஒருவன் வெப்பம் பற்றிப் பாடம் எடுப்பதா என்ற கடுப்பு வேறு. "நானே வீட்டுல இதைப் பூட்டிக்கிறேன்" என்று சென்சரோடு கிளம்பிவிட்டான்.

அந்தப் பழைய கார் ஏற்கனவே இரண்டு தடவை தண்ணீர் வற்றி, ஏற்றத்தில் நின்று மானத்தை வாங்கியிருந்தது. "தினம் காலைல டேங்க் நிறைய ஊத்துறேனே, எங்கதான் போகுதோ!" என்று புலம்பியவனிடம் மனைவி வினோதா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னுச்சு, கார வித்துருவேன்."

வருசக்கணக்காக ஆசைப்பட்டு வாங்கிய கார். அதை இன்னொருவன் ஓட்டிப் போவதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது. அதனால்தான் இன்ஜின் சூடேறுவதை முன்கூட்டியே காட்டும் இந்தச் சென்சரை வாங்கியிருந்தான்.

சனிக்கிழமை முழுக்க போனில் வீடியோ பார்த்தான். மேல் குழாயா, கீழ் குழாயா, இன்ஜின் ஹெட்டா என்று ஊர் உலகமே அடித்துக்கொண்டிருந்தது. நம்ம விஞ்ஞானி யாருக்கும் தோன்றாத நாலாவது இடத்தைக் கண்டுபிடித்தார். தினமும் தண்ணீர் ஊற்றுகிற டேங்கின் மூடியிலேயே துளை போட்டு, சென்சரை உள்ளே இறக்கி, வயரை ஸ்டியரிங் பக்கத்து மீட்டருக்கு இழுத்துவிட்டார். அறுவையும் இல்லை, ஒழுக்கும் இல்லை.

ஞாயிறு காலை மஸ்கெலியாவில் வினோதாவின் தங்கச்சிக்குக் கல்யாணம். கார் புறப்பட்டதிலிருந்து மீட்டர் பத்தொன்பது பாகையிலேயே நின்றது. கஜேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏங்க, கொட்டகலை ஏத்தமே வந்துருச்சு. இன்னுமா சூடாகல?"

"இந்தக் குளிர்ல நமக்கே பல்லு கிட்டிக்குது. இன்ஜினுக்கு மட்டும் குளிராதா? இதுதான் விஞ்ஞானம்."

அடுத்த வளைவில் பொனட் ஓரமாக வெள்ளையாய் ஏதோ எழும்பியது.

"என்னங்க, புகையுது!"

"அது பனிம்மா. மீட்டரைப் பாரு, பத்தொம்பது."

அவன் சொல்லி முடிக்கவும், பனி புஸ்ஸென்று சீறவும் சரியாக இருந்தது. கார் இருமி இருமி நின்றுபோனது.

முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. பட்டுச் சேலையோடு ரோட்டில் இறங்கிய வினோதா, புருசனைத் திரும்பியும் பார்க்காமல் ஜெயதீபனுக்குப் போன் போட்டாள். "தம்பி, உடனே வாங்க. கார் வாங்குற ஆள் யாராச்சும் இருந்தா கையோட கூட்டிட்டு வாங்க."

ஜெயதீபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் கஜேந்திரன் அவனிடம் ஓடினான். "என் சென்சர்ல பிழையே இல்ல தம்பி. இந்தக் காருதான் மோசம். நெருப்பா கொதிச்சுக்கிட்டே பத்தொம்பதுன்னு பொய் சொல்லுது. இத இனி வச்சிருக்கக் கூடாது, வித்துருவோம்!"

ஜெயதீபன் பொனட்டைத் தூக்கி, மீட்டர் வயரை விரலால் தடவிக்கொண்டே போனான். வயர் முடிந்த டேங்க் மூடியில் அவன் விரலும் நின்றது. தள்ளி நின்ற வினோதாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கஜேந்திரனின் காதுக்குள் மெதுவாகச் சொன்னான்.

"சேர், இது முன் கண்ணாடி கழுவுற தண்ணி."