மனதுக்கும் மணிக்கணக்கு

காலைச் சமையலை என் கணவர் குமரகுருவின் தலையில் கட்டுவதற்காகத்தான் அந்த நேரப்பதிவு மென்பொருளை எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியில் நானே நிறுவினேன். எனக்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை என்பதை எண்களிலேயே காட்டிவிடலாம். மனதில் ஓடுவதையும் பதியட்டுமா என்று அது கேட்டது. சரி என்றேன். பதிவதெல்லாம் எங்கள் கணினியிலேயே இருக்கும், எந்த நிறுவனத்துக்கும் எதுவும் போகாது என்ற தைரியம். வீட்டுக்குள்ளேயே ஒருவர் படிப்பார் என்பது தோன்றவில்லை.

மறுநாள் மாலை அவர் திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். "சமையல், மூணு மணி நேரம். கணவரோட சண்டை, நாலே கால் மணி நேரம். ஏம்மா, நான் ஆபீஸ்லதானே இருந்தேன்?"

"அதுக்கு நீங்க இருக்கணும்னு அவசியமில்ல. துணி மடிக்கிறப்பவே மனசுக்குள்ள சண்டை போட்டுடுவேன்."

எனக்கே அதிர்ச்சிதான். எனக்கென்று கிடைத்த நேரத்தையெல்லாம் இந்த மனிதரிடமே செலவழித்திருக்கிறேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ்வளவு நேரம் நான் என்னதான் சொன்னேன்?"

"முடியாது முடியாதுன்னீங்க. கடைசில, நாளைலேருந்து காலைச் சமையல் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டீங்க."

"நாலே கால் மணி நேரம் தாக்குப்பிடிச்சிருக்கேனே!" என்று பெருமைப்பட்டுக்கொண்டே ஐந்தரைக்கு அலாரம் வைத்தார்.