எட்டாத துடுப்பு

"அரைக் கேன் பால்ல தண்ணியை ஊத்தி, முழுக் கேன்னு ஏமாத்துறியா? கைக்குழந்தைங்க குடிக்கிற பாலும்மா இது!"

பால் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் பால் ஊற்ற நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒத்தை மாட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாட்டுக்குக் காய்ச்சல், ஐயா. கறவை குறைஞ்சிடுச்சு. கேன் நிறையலைன்னா நீங்க வாங்க மாட்டேங்கிறீங்க. இந்தப் பாலை நம்பித்தான் என் வீட்டுல அடுப்பு எரியுது."

"சட்டம்னா சட்டம். இனிமே இந்தப் பக்கமே வராதே!"

சொன்ன கையோடு அவளை மறந்தும் போனார். மனுஷனுக்கு அப்போது வேறு நினைப்பு. கண்ணை மூடினால் போதும், பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டி ஒன்று வெள்ளிக் கப்பலாட்டம் மிதந்து வரும். விளிம்பு வரை பால். உள்ளே துடுப்பு மெல்லச் சுற்ற, நுரை மேகமாய் எழும்பும். மேகத்தின் மேல் தலைவர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு!

"தூக்கத்துல 'ஊத்து, ஊத்து'ன்னு உளர்றீங்க. பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு," என்றாள் மனைவி.

தொட்டி விற்க வந்தவரே படித்துப் படித்துச் சொன்னார். "இங்க வர்ற பாலுக்குச் சின்னதே போதும், தலைவரே. பெரிசுன்னா துடுப்புக்குப் பால் எட்டாது. அடியிலயே உறைஞ்சு போயிடும்."

"போய்யா! நான் பெரிசா யோசிச்சா யாருக்கும் பொறுக்காதே!"

பெரிசே வந்தது.

திறப்பு விழாக் காலை. ஊர்ப் பால் மொத்தத்தையும் ஊற்றியாகிவிட்டது. தலைவர் ஆசை ஆசையாய் எட்டிப் பார்த்தார். ஐயையோ! பால் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. துடுப்பு அதற்கு மேலே வெறும் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.

வாசலில் தொட்டியைத் திறந்து வைக்க வந்த அதிகாரியின் கார் வந்து நின்றது. மானம் போய்விடுமே! தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தரை கழுவும் ரப்பர் குழாய்தான் கண்ணில் பட்டது. கனவில் நடப்பவர் மாதிரி அதை இழுத்துத் தொட்டிக்குள் விட்டார். இன்னொரு கை தண்ணீரைத் திறந்துவிடும் திருகைத் தேடியது.

"ஐயா..."

பின்வாசலில் ஒத்தை மாட்டுக்காரி. மாடு தேறிவிட்டதென்று சொல்லிக் கெஞ்சிப் பார்க்க, நிறைந்த கேனோடு வந்திருந்தாள். அவள் பார்வை குழாயிலேயே நின்றது. இப்போது கத்தி ஊரைக் கூட்டப் போகிறாள் என்று அவர் தேடிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பச்சைத் தண்ணி வேண்டாங்கய்யா. அன்னைக்கு நான் காய்ச்சி ஆற வெச்சுத்தான் ஊத்தினேன். கைக்குழந்தைங்க குடிக்கிற பால் இல்லையா?"