ஊதாத் துணிக்குப் பின்னால்

தவக்காலம் முடியப்போகும் நாட்கள். கோயிலில் இயேசுவின் சுரூபத்தை ஊதாத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள்; இனி ஈஸ்டருக்குத்தான் அவிழ்ப்பார்கள். எதிரே நின்ற மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

"ஈஸ்டர் வரைக்கும் நான் தாங்க மாட்டேன். கொஞ்சம் விலகி, அவர் முகத்தை ஒரே ஒரு தடவை காட்டேன்" என்று அது துணியிடம் கெஞ்சியது.

"நானே பார்த்ததில்லை. முகத்தோடு முகமாக ஒட்டிக் கிடக்கிறேன், எப்படிப் பார்ப்பது? ஒரு சூடு மட்டும் தெரிகிறது" என்றது துணி.

"அது என் சூடு!" மெழுகுவர்த்திக்கு எரிச்சல்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நேற்று உன்னை அணைத்துவிட்டுப் போன பிறகும் அது ஆறவே இல்லை."



மாலை ஜெபம் முடிந்ததும் மெழுகுவர்த்தியை அணைக்கக் கோயில்பிள்ளை வந்தார். வழக்கமாக இரண்டு மூன்று தடவை ஊதினால்தான் அணையும். அன்று லேசாக ஊதியதுமே அணைந்து, இருட்டில் அந்தச் சூட்டுக்காகக் காத்து நின்றது.