நான்காவது சில்லுக்குப் பிறகு

கண்ணாடிச் சில்லுகளில் சிலிக்கான் படலம் பூசி, அதற்குள் கண்ணுக்கே தெரியாத படிகங்களை வளர்த்து, வெளிச்சத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளப்பதுதான் அக்காவின் வேலை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அளக்கும் பெட்டி நீளமானது, ஒரு முனையில் மட்டும் மூடி. உள்ளே விளக்கு எரியும். அதன் கீழே வரிசையாக நான்கு சில்லுகள். நிழல் பட்டால் மின்சாரம் குறையும்; குறைந்த நேரம் கணினியில் பதிவாகும்.

திங்களன்று மதியம் ஒன்று பத்துக்கு, உள்கோடியில் இருந்த முதல் சில்லில் குறைந்தது. செவ்வாயன்று அதே நேரத்துக்கு இரண்டாவதில். புதனன்று மூன்றாவதில்.

“நான் சாப்பிடப் போற நேரமாப் பாத்து உள்ள கைய விடுறியா?” என்று பக்கத்து மேசை சோடாபுட்டியைக் கேட்டாள்.

“என் வேலையே தலைக்கு மேல கெடக்கு. உங்க பெட்டி எனக்கெதுக்குக்கா?”

அவள் நம்பவில்லை. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டாள். வியாழனன்று, மூடியை ஒட்டியிருந்த நான்காவதில் குறைந்தது. டேப் அப்படியே இருந்தது.

வெள்ளியன்று அவள் சாப்பிடப் போகவில்லை. வாசலருகே நாற்காலி போட்டு, சோடாபுட்டி மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருந்தாள். அவனோ, பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில், நடைவழியில் காலை நீட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். ஒன்று பத்து ஆனது. நான்கு சில்லுகளிலும் மின்சாரம் துளிகூடக் குறையவில்லை.

சோடாபுட்டி தலை நிமிராமலே, யாருக்கோ வழிவிடுவதுபோல் சட்டென்று காலை மடக்கிக்கொண்டான்.

“போங்கக்கா,” என்றான்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.