மாஷின் மனைவி

ஸ்வர்ணலதா கை தூக்கியபோது நான் ஒரு கணவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு வாசகசாலையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை மாலை. ஜன்னல் வழியாகக் கிடங்குகளின் சுக்கு நெடி. பெஞ்சுகளில் இந்த ஊர்த் தமிழர்கள்.

அவசரநிலை முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அதைப் பற்றிப் பேச ஆசை தீரவில்லை. ஒரு தமிழ் நாவல், ஒரு மலையாள நாவல், இரண்டும் பிறந்த சமூகங்கள். இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. மனைவி போன பிறகு அறையை விட்டு வராதவன் இதற்காவது வரட்டும் என்று காரியதரிசி வைத்தீஸ்வரன் நினைத்திருக்க வேண்டும்.

தமிழ் நாவலை நான் படித்திருந்தேன். தஞ்சைப் பக்கத்து வயல்கள், கூலி உயர்த்திக் கேட்டவர்கள், பண்ணையாரின் ஆட்கள்.

மலையாள நாவலைப் படிக்கவில்லை. மதுரையில் எம்.ஏ. முடித்து வேலைக்காக இங்கே வந்தவன் நான். அந்த எழுத்து எனக்கு ஓடாது.

என் மனைவி கங்கா இங்கே பிறந்தவள். மலையாளத்தில் படித்தவள். வாசகசாலையிலிருந்து அந்த நாவலை எடுத்து வந்து, படித்த வரைக்கும் நான் சாப்பிடும்போது சொல்வாள். அவசரநிலையை எதிர்த்துக் கூட்டம் போடும் ஒரு பள்ளிக்கூட மாஷ். கடைசியில் போலீஸ் அவரைக் கொண்டுபோகிறது.

மழைக்கு முன்பு கதையை முடித்தாள். மழையில் மஞ்சள்காமாலை வந்து அவளே போய்விட்டாள்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை. படித்தவனைப் போலவே பேசினேன்.

அங்கே போலீஸ் முன்னால் வாய் திறக்கப் பழகாத ஜனங்கள் என்றேன். இங்கே காலையில் சாயாவோடு பத்திரிகை படித்து நாள் முழுக்க அரசியல் பேசுகிற ஜனங்கள். அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு மாஷ் காணாமல் போகிறார், பத்திரிகையில் ஒரு வரி இல்லை. பலர் தலையாட்டினார்கள்.

பிறகு மாஷின் மனைவிக்கு வந்தேன். உங்கள் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தினமும் வந்து சொல்கிறீர்களே, நான் இன்றைக்கு என்ன செய்தேன் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா என்று அவள் கேட்கும் இடம். தமிழ் நாவலில் எந்தப் பெண்ணும் புருஷனை இப்படிக் கேட்கவில்லை, இந்தச் சமூகத்துப் பெண் கேட்கிறாள் என்றேன்.

நாட்டுக்குப் பேச்சுரிமை கேட்கிறவன், வீட்டில் காது இல்லாதவன் என்று மாஷைப் பிய்த்தேன். கை தட்டினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு என் குரல் எனக்கே நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஸ்வர்ணலதா கை தூக்கினாள். வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள். கங்காவின் சிநேகிதி.

“அண்ணா, அந்த மாஷுக்குக் கல்யாணமே கழியலையே. கதையில பொண்டாட்டின்னு யாருமே வரல்லை.”

மாஷுக்கு நான் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டதாகவும், சாப்பாடு எப்போது என்றும் பின் பெஞ்சில் யாரோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஏதோ நாவலோடு குழம்பியிருக்கும் என்று வைத்தீஸ்வரன் சமாளித்தார். நானும் ஆமாம் என்றேன்.

ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

மாஷின் மனைவி அப்படிக் கேட்டாள் என்று கங்கா சொன்ன அன்று, அதற்கு மாஷ் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டேன்.

கங்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

நான் ரசம் கேட்டேன்.