பெருவிரல் மை

அப்பா வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுக்கப் பதிவு அலுவலகம் வந்த செண்பகவல்லியின் பெருவிரலில் பத்திர எழுத்தர் மை தடவினார். அப்புறம்தான் சொன்னார்:

"முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், என் எழுத்துக்கூலி... இன்னும் பதினோராயிரம் வேணும்."

"சும்மா குடுக்கிறதுக்குமா?"

"நீங்க சும்மா குடுத்தாலும் அரசாங்கம் விடாதும்மா."

தம்பி அம்பலவாணன் அவள் மடியைப் பார்த்தான். பங்கை எழுதிக்கொடுக்கும் அக்காவுக்கென்று காலையில் அவன் தந்த பட்டுப்புடவை அதில் இருந்தது.

"கட்டாத புடவைதானேக்கா? பில்லு என்கிட்ட இருக்கு. கடையில திருப்பி எடுத்துப்பான்."

அவள் புடவையைப் பிரித்தாள். அதன் முந்தானையில் பெருவிரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"இந்தாடா."

பத்திரத்தில் ரேகைக்கு விட்ட இடம் வெள்ளையாகவே இருந்தது.