ஹூக்கு மட்டும்தான் பாக்கி

"எழுதினது யாருன்னு இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

நூர் பாஷா போட்ட சத்தத்தில் அரூர் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. லேடீஸ் டெய்லர். அவர் குரல் தையல் மெஷின் சத்தத்தைத் தாண்டி யாரும் கேட்டதில்லை.

"எனக்கே தெரியாதுப்பா. பேரு, நம்பரு எதுவும் பதியாத மாதிரிதான் பண்ணியிருக்கேன்" என்றாள் மகள் அன்ஜும்.

"நீ கட்டின வூட்டுக்குள்ள யாரு வந்துட்டுப் போனாங்கன்னு உனக்கே தெரியாதா? நல்ல படிப்பு!"

அன்ஜும் பி.சி.ஏ. கடைசி வருஷம். வேலை கற்றுக்கொள்ள ஒரு வெப்சைட் செய்திருந்தாள். பேர் போடாமல் யார் வேண்டுமானாலும் ஊர்க் குறையை எழுதலாம். மொட்டைக் கடுதாசிதான், தபால்தலைக் காசு மட்டும் மிச்சம்.

ஆரம்பத்திலேயே நூர் பாஷாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒருத்தரு இல்லாத இடத்துல அவங்க குறையைப் பேசறது புறம் பேசறதும்மா. பெரிய பாவம். அதுக்குப் போயி கடை விரிக்கறியே!"

அவர் பயந்தது வீண். கடையை விரித்தும் கொள்வாரில்லை. கூடப் படிக்கிற பெண்கள் போட்ட 'ஹாய்', 'டெஸ்ட்' தவிர வேறொன்றும் வரவில்லை.

காலேஜில் நிர்மலாதேவி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "இதெல்லாம் கணக்குல வராது. வெளியாளுங்க நிஜமா எழுதியிருக்கணும். திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா, முதல்லேருந்து வேற புராஜெக்ட் ஆரம்பிச்சுக்க."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அன்ஜும் அழுதாள். "ஊர்ல எல்லாருக்கும் குறை இருக்கும்மா. முதல் ஆளா எழுதத்தான் யாருக்கும் தைரியம் வரலை."

நூர் பாஷா தலையை நிமிர்த்தாமல் ரசம் ஊற்றிக்கொண்டார். பெற்ற மகள் அழும்போது இப்படிச் சாப்பிடுகிற மனிதரை என்ன சொல்வது!

மறுநாளே அந்த முதல் ஆள் வந்துவிட்டார். எழுதியது நூர் பாஷாவைப் பற்றி.

'கடைவீதி நூர் பாஷா சொன்ன நாளில் தைத்துத் தருவதில்லை. கேட்டால் ஹூக்கு மட்டும்தான் பாக்கி என்பார். துணியை வெட்டியே இருக்க மாட்டார்.'

அதற்குக் கீழேயே இன்னொன்று.

'நூர் பாஷாவை நம்பி யாரும் ப்ளவுஸ் கொடுக்காதீர்கள். வெட்டாத துணிக்கு ஹூக்கு பாக்கி என்று பொய் சொல்கிறார்.'

அதைப் படித்துவிட்டுத்தான் இந்தச் சத்தம்.

"ஒருத்தர் இல்ல, ரெண்டு பேரு!" அம்மா வஹிதா தலையில் அடித்துக்கொண்டாள். "பானுமதி டீச்சராத்தான் இருக்கும். போன வாரம் சண்டை போட்டுட்டுப் போனாங்க. ஆனா துணி வெட்டாத சங்கதி அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அன்ஜும், முதல்ல அதை அழிச்சுத் தள்ளு!"

அப்பா பேர் கெட்டால் அன்ஜுமுக்கு மட்டும் இனிக்குமா?

"மாட்டேம்மா. நம்ம அப்பாவைப் பத்தி எழுதினதும் அழிச்சுட்டா, அப்புறம் யாரு நம்பி எழுதுவாங்க?"

"கேட்டீங்களா உங்க பொண்ணு பேச்சை?"

"கேட்டேன், கேட்டேன். அந்த வெப்சைட் பேரு என்ன? சத்தமாச் சொல்லு! ஊரே பார்க்கட்டும், எம்பொண்ணு பண்ணின காரியத்தை!"

அன்ஜும் விசும்பிக்கொண்டே சொன்னாள். அவர் தெருவில் இறங்கி அதை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். பழக்கடையிலும் டீக்கடையிலும் ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். அடுத்தவன் மானம் ஓசியில் போகும்போது வேடிக்கை பார்க்க யாருக்குக் கசக்கும்?

வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை. தெருக்குழாயில் காற்று மட்டும் வருவது, மொரப்பூர் ரயிலைப் பிடிக்கவிடாத பஸ், பெயரளவுக்கு டீ என்று சாயங்காலத்துக்குள் குறைகள் வரிசை கட்டின. டீயைப் பற்றி எழுதியவர், அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அன்ஜும் கடைக்கு ஓடி வந்தாள். "மேடம் ஓகே பண்ணிட்டாங்கப்பா! வெளியாளுங்க எழுதினதைப் பார்த்து அசந்துட்டாங்க."

"அது கிடக்கட்டும்." நூர் பாஷா மெஷினை நிறுத்தவில்லை. "எழுதிட்டு அமுத்தினா பெட்டி சும்மா காலியாயிடுது. போச்சா, போகலையான்னே தெரியல. மறுபடி முதல்லேருந்து எழுத வேண்டியதாப் போச்சு. அதைச் சரி பண்ணு."

அன்ஜுமுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் இருந்த வஹிதாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அட மனுஷா! அந்த ரெண்டு பேரும் நீங்கதானா? உங்க பொழப்புல நீங்களே மண்ணை அள்ளிப் போடுவீங்களா? எழுதறதுதான் எழுதினீங்க, எதிர்க்கடை டெய்லரைப் பத்தி எழுதித் தொலைக்கக் கூடாதா?"

"அது புறம் பேசறதாயிடும் வஹிதா. பாவம்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் பானுமதி டீச்சர் வந்து நின்றார். "என்னங்க பாய், இன்னிக்காவது ப்ளவுஸ் ரெடியா?"

நூர் பாஷா எழுந்தார். டீச்சர் கொடுத்தபடியே மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்த துணியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதுங்க டீச்சர். ஹூக்கு மட்டும்தான் பாக்கி."